நடுச்சுவரை எடுக்க அனுமதி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? (தண்டையார்பேட்டை)

வணக்கம். தண்டையார்பேட்டையில் பழைய அபார்ட்மென்ட், எங்கள் வீடு இரண்டாவது மாடி. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார், ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் அது நுழைய மாட்டேன் என்கிறது, அதனால் அந்தச் சுவரை எடுத்துவிட்டு பாத்ரூம் கதவையும் அகலப்படுத்தலாம் என்று இருக்கிறோம்.

மேஸ்திரி தட்டிப் பார்த்துவிட்டு, "நாலரை இஞ்ச் சுவர்தான்மா, ரெண்டு நாள்ல உடைச்சிடலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தூணும் பீமும் பாரம் தாங்குகிற கட்டடம் என்றால் நாலரை இஞ்ச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்புதான், சரி. ஆனால் பழைய கட்டடங்களில் சுவர் மேலேயே தளத்தை உட்கார வைத்திருப்பார்கள். மேலேயும் கீழேயும் குழந்தைகள் இருக்கிற வீடுகள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் சுத்தியலைத் தொட விடமாட்டேன்.

அசோசியேஷனில் அப்ரூவ்டு பிளான் நகலே இல்லை. அது மாநகராட்சியில் கிடைக்குமா, சிஎம்டிஏவிலா (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்)? 2019 கட்டட விதிகளின்படி உள்சுவரை மட்டும் எடுக்க மண்டல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டுமா, இல்லை அசோசியேஷன் சம்மதக் கடிதமே போதுமா? விண்ணப்பித்தவர்கள் என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.

அப்புறம், எங்கள் தெருவில் குட்டியானை வண்டிதான் நுழையும். இடிபாட்டை ரோட்டோரம் கொட்டாமல் முறையாக எடுத்துப் போகிறவர்கள், வட சென்னைக்கு வந்து பார்க்கிற இன்ஜினியர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள், இன்ஜினியருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து.