அரசாங்கத்திடம் கேட்டேன், பதிலும் வந்தது: உங்கள் அனுபவம் என்ன?

குரோய்டன் கார்த்தி:
"எம்பிக்கு எழுதுங்க, நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பார்" என்று யார் சொன்னாலும் எனக்கு ஒரு போன் அழைப்புதான் ஞாபகம் வருகிறது. 2020இல் பிரிட்டன் அரசு, வீட்டில் எரிசக்தி வீணாகாமல் இருக்கச் செய்யும் வேலைகளுக்காகக் கொண்டுவந்த கிரீன் ஹோம்ஸ் கிராண்ட் என்ற மானியத்தின் கதை அது, நீட்டவில்லை. செலவில் மூன்றில் இரண்டு பங்கு அரசு தரும், 5,000 பவுண்டு வரை வவுச்சர் என்றார்கள். சுவருக்கு உள்பக்கம் இன்சுலேஷன், அதாவது வீட்டுச் சூடு வெளியே போகாமல் தடுக்கும் பூச்சு, போட விண்ணப்பித்தேன். வவுச்சர் வரவில்லை. வேலையை ஒத்துக்கொண்டவரும் "முடித்துக் கொடுத்த வீடுகளுக்கே இன்னும் பணம் வரவில்லை, புதிதாக எடுக்க முடியாது" என்று கழன்றுகொண்டார். 2021 மார்ச் கடைசியில் புது விண்ணப்பங்களுக்குத் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

அதற்கு முன்பே எம்பி அலுவலகத்துக்கு எழுதியிருந்தேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், உண்மையாகவே ஒரு எழுத்துக் கேள்வி போட்டார்கள், அதாவது எம்பி எழுத்தில் கேட்பார், அமைச்சர் எழுத்தில் பதில் தருவார். எங்கள் தொகுதியில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு வவுச்சர் கிடைத்தது, சராசரியாக எவ்வளவு நாள் ஆகிறது என்று கேள்வி. ஒரு மாலை அந்த அலுவலகத்துப் பெண் போன் செய்தார். குழந்தை பிறந்த சேதி சொல்கிற குரல். "பதில் வந்துவிட்டது, படிக்கட்டுமா?" படித்தார். நாடு முழுவதற்குமான விண்ணப்ப எண்ணிக்கை ஒன்று. தொகுதிவாரியாக விவரம் இல்லை என்று ஒரு வரி. விண்ணப்பங்களை விரைந்து முடிக்க நடவடிக்கை எடுக்கிறோம் என்று ஒரு வரி. அவ்வளவுதான். படிக்கப் படிக்க அவர் குரலே இறங்கிவிட்டது. "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டார். பாவம், அவரிடம் என்னத்தைச் சொல்ல?

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். எரிசக்தி மானியம்தான் என்றில்லை, எந்தத் துறை பதிலானாலும் சரி.

மில்டன் கீன்ஸ் மாலா:
எங்களுக்கு வந்தது மனுவுக்கான பதில். ஆய்வுகூடங்களுக்கு பீகிள் நாய்களை வளர்த்துக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றத் தளத்தில் மனுக்கள் போனது தெரியும்தானே. 10,000 கையெழுத்துச் சேர்ந்தால் அரசு பதில் எழுதும், ஒரு லட்சம் தாண்டினால் விவாதத்துக்கு எடுக்கலாமா என்று பார்ப்பார்கள். மகளும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பதில் மின்னஞ்சலில் வந்ததும் பிரின்ட் எடுத்துக்கொண்டு மஞ்சள் ஹைலைட்டரோடு குசினி மேசையில் வந்து இருந்தாள். மனுவில் கேட்டதற்குப் பதிலாக இருக்கும் வரிக்கு மட்டும்தான் கோடு போடுவாளாம். விலங்குகள் மீதான சோதனைகளைக் கட்டுப்படுத்தும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வளவு கடுமையானது என்று ஒரு பந்தி. வேறு வழி இருந்தால் விலங்கைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று ஒரு பந்தி. மருந்துகளின் பாதுகாப்பைப் பற்றி ஒன்று. மாற்று முறைகளுக்குக் காசு ஒதுக்குகிறோம் என்று இன்னொன்று. ஹைலைட்டரின் மூடியைக் கழற்றினவள் கழற்றினபடியே இருந்தாள். "அம்மா, இதில ஒண்டும் பொய் இல்லைத்தானே. பிறகு ஏன் எனக்குக் கோபம் வருது?" என்று கேட்டாள். ரொட்டி தீயப் போகுது என்று சொல்லி நான் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன். 2023இல் மட்டும் 26 லட்சத்து 80 ஆயிரம் விலங்குகளைக் கொன்ற நாட்டில் எவ்வளவு அழகான பதில்!

கூண்டறை:
மாலா அக்கா, அந்த எண்ணை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். நான் ஆய்வு விலங்குகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். எந்த இடம் என்று யாரும் கேட்க வேண்டாம். 26.8 லட்சம் என்பது அந்த வருடம் கிரேட் பிரிட்டனில் முடிந்த சோதனைச் செயல்முறைகளின் எண்ணிக்கை, கொன்ற கணக்கு இல்லை. அதில் ஏறக்குறைய பாதி, மரபணு மாற்றிய விலங்குகளை உருவாக்கி இனப்பெருக்கம் செய்தது. அப்படி ஒரு குட்டி பிறந்தாலே பட்டியலில் ஒன்று ஏறலாம். ஒரே விலங்கை மறுபடி பயன்படுத்தினால் இரண்டாம் முறையும் எண்ணுவார்கள். வட அயர்லாந்து இதில் சேராது, அவர்கள் கணக்கு தனி. நாய், பூனை, குதிரை, குரங்கு எல்லாம் சேர்த்தாலும் மொத்தத்தில் ஒரு சதவீதம் வராது. மற்றவை பெரும்பாலும் சுண்டெலி, மீன், பறவை, எலி. பீகிள் படம் போட்டு மொத்த எண்ணை அதன் கீழே எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் கோபம் வரும்.

சரி, என் கதை. உள்துறைக்குப் போகும் வருடாந்தரப் படிவத்தில் ஒவ்வொரு விலங்கும் பட்ட துன்பம் எந்த அளவு என்று போட வேண்டும். லேசானது, மிதமானது, கடுமையானது என்று வகைகள் இருக்கின்றன. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் கூண்டில் ஒரு சுண்டெலி இறந்து கிடந்தது. முந்தின மாலை நன்றாகத் தின்றுகொண்டிருந்தது, நானே பார்த்தேன். இறந்து கிடந்ததாகக் கண்டெடுத்தால், வேறுவிதமாகச் சொல்ல ஆதாரம் இல்லாதவரை 'கடுமையானது' என்றுதான் போட வேண்டும். கூட வேலை பார்ப்பவர் "தூக்கத்தில் போயிருக்கும், லேசானது என்று போடு" என்றார். நான் போடவில்லை. அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

மறு வருடம் ஓர் எழுத்துக் கேள்விக்கு அமைச்சர், வெளியான புள்ளிவிவரத்தைப் பார்த்துக்கொள்ளவும் என்று பதில் சொல்லியிருந்தார். நானும் போய்ப் பார்த்தேன். 'கடுமையானது' வரிசையில் ஒரு பெரிய எண். அதில் ஒன்று அந்தச் சுண்டெலி. அது உண்மையில் எப்படிச் செத்தது என்று எனக்கே தெரியாது. கேள்வி கேட்ட எம்பிக்கு எப்படித் தெரியும்?

மில்டன் கீன்ஸ் மாலா:
தம்பி, எண்ணைத் திருத்தினதுக்கு நன்றி. ஆனால் செயல்முறை முடிந்த பிறகு அந்த எலிகளில் எத்தனை உயிரோடு இருக்கும் என்று நீங்கள் எழுதவில்லையே. இன்னுமொன்று. வளர்த்துவிட்டு, ஒன்றுக்கும் பயன்படுத்தாமலே கொல்பவை அந்த வருடாந்தர எண்ணில் வராது. 2017க்கு அதைத் தனியாக வெளியிட்டார்கள், 18 லட்சத்துக்கு மேல். அதையும் சொல்லிவிட்டு என்னைத் திருத்துங்கோ.

கூண்டறை:
அதை மறுக்கவில்லை அக்கா. பெரும்பாலானவை உயிரோடு இருக்காது. நான் சொன்னது அந்த எண் எதை எண்ணுகிறது என்பதை மட்டும்தான்.

லெஸ்டர் லதா:
எலிச் சண்டைக்கு நடுவில் எங்கள் மாமியார் வீட்டுச் சுவர். ஈகோ 4 என்று, எரிசக்தி கம்பெனிகள் செலவில் வீடுகளைச் சரிசெய்யும் அரசுத் திட்டத்தில் இலவசமாக வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்டார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். அடுத்த குளிர்காலமே படுக்கையறை மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சை, அலமாரித் துணி முழுக்க நாற்றம். 2025 ஜனவரியில் அரசே தரக்குறைவான வேலை நடந்திருக்கிறது என்று ஒத்துக்கொண்டு 39 கம்பெனிகளை நிறுத்திவைத்தது. அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலக அறிக்கை வந்தது. வெளிச்சுவர் வேலை நடந்த வீடுகளில் 98 சதவீதத்தில் பெரிய குறை, அதாவது 22,000 வீடுகளுக்கு மேல். எங்கள் வீடு அந்த மீதி இரண்டில் இல்லை என்று மூக்கை வைத்தே சொல்லலாம்.

எம்பி கேட்ட கேள்விக்கு வந்த பதிலைக் கேளுங்கள். "இன்ன தேதியில், இன்ன எண் கேள்விக்கு அளித்த பதிலைப் பார்க்கவும்." அதைத் தேடி எடுத்தால், அது வேறொரு பதிலைப் பார்க்கச் சொன்னது. அதையும் எடுத்தேன். இந்தக் குறைகளைச் சரிசெய்ய வீட்டுக்காரர்கள் செலவு செய்ய வேண்டியதில்லை என்று இருந்தது. மாமியாருக்குத் தமிழில் சொன்னேன். "செலவை இப்ப யாரு கேட்டா? என்னைக்கு வருவாங்கன்னு அதுல போட்டிருக்கா, பாரு" என்றார். மறுபடி முதலிலிருந்து படித்துக் காட்டச் சொன்னார், படித்தேன். போடவில்லை.

கணக்கர் கணேசன்:
எனக்கும் ஒன்று உண்டு. எங்கள் கவுன்சில் அந்த ஈகோ திட்டத்துக்கு யார் யாருக்குத் தகுதிச் சான்று கொடுத்தது என்று வார்டுவாரியாகக் கேட்டேன். எக்செல் தாள் வந்தது, வார்டு என்ற பத்தி மட்டும் காலி.

ஆனால் இங்கே எல்லாரும் கேள்வியையே சரியாகக் கேட்கவில்லை. எழுத்துக் கேள்விக்குப் பதில் தேடும் செலவு 850 பவுண்டைத் தாண்டும் என்றால் அமைச்சர் மறுத்துவிடலாம். அதனால் தேசம் முழுக்க, பத்து வருடத்துக்கு என்றெல்லாம் கேட்கவே கூடாது. எம்பியை விடுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் நீங்களே எழுதலாம், 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். அங்கேயும் வரம்பு உண்டு. மத்திய அரசுத் துறைக்கு 600 பவுண்டு, கவுன்சில் போன்றவற்றுக்கு 450. மணிக்கு 25 பவுண்டு என்று கணக்கு போடுவதால் 24 மணி நேரம், 18 மணி நேரம் என்று வரும். ஒரு ஊர், ஒரு வருடம், ஒரு எண் என்று சுருக்கிக் கேளுங்கள். "ஏன்" என்று கேட்டால் பதில் வராது, அவர்களிடம் பதிவாக இருப்பதை மட்டும்தான் தருவார்கள். "இந்தத் தேதிக்குள் நடந்த கூட்டக் குறிப்பின் நகல்" என்று கேட்டால் வரும். வீட்டு எரிசக்தி விஷயம் 2004 சுற்றுச்சூழல் தகவல் விதிகளுக்குள் வர வாய்ப்பு உண்டு, அதில் இந்த 600 பவுண்டு வரம்பு கிடையாது, ஆகவே கடிதத்தில் இரண்டையும் குறிப்பிடுங்கள். மறுத்தால் முதலில் அவர்களிடமே மறுபரிசீலனை, அப்புறம் தகவல் ஆணையர்.

மாலா அவர்களுக்கு: குறிப்பிட்ட ஆய்வுகூடம் பற்றி அமைச்சரிடம் கேட்டால் 1986 சட்டத்தின் 24ஆம் பிரிவைக் காட்டுவார்கள். ரகசியமாகத் தரப்பட்ட தகவலை வெளியிடுவது அதன்படி குற்றம். பல்கலைக்கழகங்களைத் தகவல் உரிமையில் நேரடியாகக் கேட்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்றவை எண்களைத் தாங்களாகவே தளத்தில் போடுகின்றன.

கார்த்திக்கு: பழைய பாய்லரை மாற்ற, இப்போது பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் என்ற மானியம் இருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து ஹீட் பம்புக்கு, அதாவது வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் கருவிக்கு, 7,500 பவுண்டு. நீங்கள் விண்ணப்பிக்க வேண்டாம், பொருத்துகிறவரே போடுவார், பில்லிலேயே கழித்துவிடுவார். அவருக்கு எம்சிஎஸ் என்ற தரச்சான்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று பேரிடம் விலை வாங்குங்கள். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிடாமல் விலை சொல்பவரை அனுப்பிவிடுங்கள். ரேடியேட்டர் அளவு, வெந்நீர்த் தொட்டி வைக்க இடம், இரண்டையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

குரோய்டன் கார்த்தி:
கணேசன் சார், நான் கேட்டது ஹீட் பம்ப் இல்லை. கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை என்கிறீர்கள், தொகுதி, எண்ணிக்கை, நாள் என்று மூன்றே விஷயம்தான் கேட்டோம். இதைவிட எப்படிச் சுருக்குவது? 150 கோடி பவுண்டு ஒதுக்கி ஆறு லட்சம் வீடு என்று ஆரம்பித்தது, கடைசியில் சுமார் 47,500 வீட்டில் நின்றது. அதைத் தணிக்கை அலுவலகம் 2021 செப்டம்பரில் சொன்னது. செலவான 31.4 கோடி பவுண்டில் நிர்வாகத்துக்கே 5 கோடி. அமைச்சர் பதில்களை வைத்துக்கொண்டு இதை நான் எப்படிக் கண்டுபிடித்திருப்பேன்?

லதா, மாமியார் வீட்டுக்கு யாராவது வந்து பார்த்தார்களா?

லெஸ்டர் லதா:
ஒருவர் வந்தார். போட்டோ எடுத்தார். அறிக்கை கம்பெனிக்குப் போகுமாம், எங்களுக்கு வராதாம். அவர் வந்தபோது மாமியார் வடை சுட்டுக் கொடுத்தார், அதையும் போட்டோ எடுத்தார்.

கிளாஸ்கோ குமரன்:
ஹீட் பம்புக்கு 7,500 என்கிறார்களே, எனக்கும் கிடைக்குமா?

கணக்கர் கணேசன்:
கிடைக்காது, அது இங்கிலாந்து, வேல்ஸ் மட்டும். உங்களுக்கு ஹோம் எனர்ஜி ஸ்காட்லாந்து என்று தனியாக மானியமும் கடனும் உண்டு. பணம் கிடைக்கும் என்ற கடிதம் கைக்கு வராமல் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள்.