சொந்த ஊரில் லாட்ஜ் எடுத்துத் தங்கப் போகிறேன், புதுக்கோட்டையில் எதையெல்லாம் பார்க்கலாம்?

மஸ்கட்வாசி:
பன்னிரண்டாவது முடிக்கும் வரை புதுக்கோட்டைதான், அப்புறம் படிப்பு, வேலை என்று 16 வருடம் வெளியிலேயே போய்விட்டது. வீட்டையும் விற்றாயிற்று, அதனால் இந்த ஜனவரியில் முதல்முறையாக என் ஊரிலேயே லாட்ஜ் எடுக்கிறேன். மனைவிக்கு நாசிக். "உங்க ஊரில் என்ன பார்க்கலாம்?" என்று கேட்டாள். கீழராஜ வீதி, படித்த பள்ளி, இவற்றைத் தாண்டி ஒன்றும் சொல்ல வரவில்லை, மனசு கஷ்டமாகிவிட்டது. கூட அம்மாவும், பாட்டு கற்கும் ஏழு வயது மகளும் வருகிறார்கள். மூன்று நாள்தான்.

நார்த்தாமலையான்:
தம்பி, முதல் நாள் வெயில் ஏறும் முன் சித்தன்னவாசல் போய்விடுங்கள். அங்கே ஏழடிப்பட்டம் என்கிற குகைத்தளத்தில் சமணத் துறவிகளின் கல்படுக்கைகள் 17 இருக்கின்றன, ஒன்றில் தமிழ் பிராமி என்கிற பழைய எழுத்தும் உண்டு. அங்கேயே பாறையைக் குடைந்த அறிவர் கோயிலில் அண்ணாந்து பாருங்கள், கூரை ஓவியத்தில் தாமரைக் குளம், அதில் மீன், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். நிறைய உதிர்ந்துவிட்டது, ஆனாலும் நின்று பார்த்தால் ஒவ்வொன்றாகக் கண்ணில் தெரியும். நார்த்தாமலைக்கு மாலையில் வாருங்கள், மதியம் பாறை கொதிக்கும், வெறுங்காலோடு நிற்க முடியாது. அங்குள்ள விஜயாலய சோழீச்சரம் கோயிலில் வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். எதிரே பாறையைக் குடைந்த குடைவரைக் கோயிலில் 12 திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கும்.

கோகர்ணத்துப் பெண்:
பாட்டு கற்கிற பிள்ளை என்றால் குடுமியான்மலையை விடவே கூடாது. ச ரி க ம என்று சுரங்களைப் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள், அந்த இசைக் கல்வெட்டின் முன் அவளைப் பாடச் சொல்லுங்கள். கொடும்பாளூர் மூவர் கோயிலில் இப்போது நிற்பது இரண்டுதான், மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். எல்லாவற்றையும் மூன்று நாளில் அடைக்காதீர்கள் அண்ணா. போன வருடம் நான் அப்படித்தான் ஓடினேன், எங்கள் பழைய தெருவுக்குப் போகவே நேரமில்லாமல் பஸ் ஏறிவிட்டேன், இன்னும் அந்த வருத்தம் போகவில்லை. ஒரு மாலையைத் தெருவுக்கென்றே வையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு நம்மூர் முட்டை மாஸ், அதையும் மறக்காதீர்கள்.

மஸ்கட்வாசி:
இருவருக்கும் ரொம்ப நன்றி. குடுமியான்மலை உறுதி. அம்மாவுக்கு மூட்டு வலி, மலை ஏற மாட்டார். திருமயம் சரிப்படுமா?

நார்த்தாமலையான்:
தாராளமாக. சிவன், பெருமாள் குடைவரைக் கோயில்கள் இரண்டும் மலையடிவாரத்தில் பக்கத்துப் பக்கத்தில். 1687இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டைக்கு நீங்கள் ஏறுங்கள், அம்மா கோயிலில் உட்கார்ந்திருக்கட்டும்.