முன்கைத் திருப்பம்: மலர்த்தல், கவிழ்த்தல்

வணக்கம்.

முன்கையைத் திருப்பி உள்ளங்கையைக் கீழ்நோக்க வைப்பது புரொனேஷன், மேல்நோக்க வைப்பது சூபினேஷன். இவற்றுக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக 'உட்சுழற்சி, வெளிச்சுழற்சி' போதும் என்று நம் குழுவுக்கு வந்த மடலுக்கு என் மறுப்பு இது; 'கவிழ்த்தல், மலர்த்தல்' என்பதே என் பரிந்துரை. உட்சுழற்சி, வெளிச்சுழற்சி என்ற சொற்கள் ஏற்கெனவே தோள்மூட்டின் அசைவுகளுக்குப் போய்விட்டன.

திருகோணமலையில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். கரைவலை இழுக்கிறவர்கள் நிறைய வருவார்கள். நிலாவெளி ஐயா ஒருவரிடம் "கையை வெளிப்பக்கம் சுழற்றுங்கோ" என்றேன். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தபடியே முன்கையை முழுதாக வெளியே கொண்டுபோனார். சொன்னதைத்தான் செய்தார்; ஆனால் அது தோளின் அசைவு. "உள்ளங்கையை மலர்த்துங்கோ" என்றதும் சட்டென்று சரியாகத் திருப்பினார். "இப்ப கவிழ்த்துங்கோ" என்றதற்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தோணியைக் கவிழ்ப்பதும் மலர்ந்து படுப்பதும் இங்கே தினம் புழங்கும் பேச்சு.

முன்கைக்குள் நடப்பதும் வெறும் சுழற்சி இல்லை. சுண்டுவிரல் பக்கத்து அரந்தி என்பு அநேகமாக அப்படியே நிற்க, பெருவிரல் பக்கத்து ஆரை என்பு அதன் மேல் குறுக்கே புரள்கிறது; உள்ளங்கை கவிழ்கிறது. முழங்கை அருகில் ஒன்றும் மணிக்கட்டு அருகில் ஒன்றுமாக இரண்டு சுழல் மூட்டுகள் சேர்ந்து இதைச் செய்கின்றன. பெருவிரல் மேலே பார்க்கும் நிலையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 80 பாகை திரும்பும்.

சூபினேஷனுக்கு 'ஏந்தல்' என்று இன்னொருவர் தந்த பரிந்துரை அழகுதான். கோணேசர் கோயிலில் திருநீறு வாங்க நீட்டும் கை அப்படியே கண்ணில் வருகிறது. ஆனால் திருகாணி முடுக்குகிற தச்சரின் வலக்கை எதை ஏந்துகிறது? அதுவும் இதே அசைவுதான், அதுவும் பலத்தோடு. முழங்கையை 90 பாகை மடக்கி, மற்றக் கையால் மேற்கையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையை மெல்ல மலர்த்திப் பாருங்கள். இருதலைத் தசை (பைசெப்ஸ்) விரலுக்குக் கீழே திரளும். முழங்கையை மடக்குவது மட்டும்தான் அதன் வேலை என்று படித்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

கலைச்சொல் என்றால் குட்டிகளும் போட வேண்டும், அதிலிருந்து வேறு சொற்கள் பிறக்க வேண்டும் அல்லவா? மடக்கி, நீட்டி என்பதுபோல மலர்த்தி, கவிழ்த்தி என்று தசைப்பெயர்கள் வந்துவிடுகின்றன. மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு என்புகளையும் இணைத்துக் கிடக்கும் நாற்சதுரத் தசையைச் 'சதுரக் கவிழ்த்தி' என்றால் வடிவமும் வேலையும் ஒன்றாக விளங்கும். 'சதுர உட்சுழற்றி' என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்காது.

'மலர்த்தல்' என்றால் பூ ஞாபகம் வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். வரட்டுமே. பாடநூலில் முதல் முறை 'முன்கை மலர்த்தல்' என்று எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

பாதத்துக்கு மட்டும் இந்தச் சோடியை நீட்ட வேண்டாம். அங்கே புரொனேஷன் என்பது மூன்று அசைவுகளின் கூட்டு. குதிகால் வெளிப்பக்கம் சாய்வதும் அதில் ஒன்று. அதற்குக் குழுவில் தனி உரையாடல் இழை தொடங்குங்கள், வருகிறேன்.