புதுப்பிப்பு: தம்பியின் லைசென்ஸ் கிடைத்துவிட்டது

ஏ9 வீதியில் வேகமாக ஓடியதற்குத் பொலிஸார் தம்பிக்குத் தண்டப்பத்திரம் எழுதி லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள், யாழ்ப்பாணத்தில் தபாற்கந்தோரில் பணம் கட்டியும் லைசென்ஸ் பற்றிப் பதிலே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். நேற்றுக் கொடுத்துவிட்டார்கள்.

கைகொடுத்தது பற்றுச்சீட்டுத்தான். 14 நாளுக்குள் கட்டிய திகதி அதில் இருந்தது. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குத் தமிழிலேயே கடிதம் எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்தோம்.

பதில் வரட்டும் என்று பணம் கட்டாமல் இருக்காதீர்கள். 14 நாள் தாண்டினால் தண்டம் இரட்டிப்பு, 28 தாண்டினால் நீதிமன்றம். முதலில் கட்டுங்கள், அப்புறம் கேளுங்கள்.

தம்பி வான் ஓடிப் பிழைக்கிறவன். தண்டப்பத்திரத்தின் தற்காலிக அனுமதி முடிந்தபின் வண்டியை எடுக்கவே முடியவில்லை. தண்டம் நியாயம்தான், கட்டிய பிறகும் உழைப்பை நிறுத்தி வைத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடிதம் எழுதச் சொன்னவர்களுக்கு நன்றி.