ஒடியா மட்டுமே தெரிந்த மாணவிக்குத் தமிழ் எழுத்து: உதவி தேவை

வணக்கம். திருப்பூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். ஜூனில் ஒடிசாவிலிருந்து பத்து வயதுப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். அப்பா, அம்மா இருவருக்கும் பனியன் கம்பெனி வேலை. அவள் இதுவரை எந்தப் பள்ளிக்கும் போனதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, 4ஆம் பிரிவுப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தாயிற்று. பிறப்புச் சான்று இல்லாததும் தடையாகவில்லை. அதே பிரிவு சிறப்புப் பயிற்சியும் தரச் சொல்கிறது. ஒடியா தெரிந்த ஆள்தான் இல்லை. 29ஆம் பிரிவு ‘இயன்றவரை’ தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. அந்த ‘இயன்றவரை’யில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஐந்து மாதமாகிறது. கைப்பேசி மொழிபெயர்ப்பில் இந்தி போட்டுக் காட்டினேன், அவளுக்கு இந்தியும் தெரியாது. (வடக்கென்றாலே இந்தி என்று நினைத்தது என் தப்பு.) பீகார் பையன் பக்கத்தில் உட்கார வைத்தேன், பயனில்லை. முதல் வகுப்புப் புத்தகம் கொடுத்தால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள், அவள் மூடி வைத்துவிடுகிறாள். கணக்கில் மட்டும் கெட்டி. கூட்டல், கழித்தலை விரல்விட்டே போட்டுவிடுவாள். பேச்சுத் தமிழ் ஓரளவு புரிகிறது, எழுத்துதான் ‘அ’, ‘ஆ’வைத் தாண்டவில்லை.

பத்து வயதுக் குழந்தை கூச்சப்படாமல் படிக்கும்படி, ஒடியா வழியாகத் தமிழ் எழுத்து கற்றுத்தரும் பாடமோ படஅட்டையோ யாராவது வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறீர்களா?