ஓடரின் காலை யார் பார்ப்பது?

கதைகளில் வேற்றுக்கோள் உயிரினங்களுக்கு உடலும் மருத்துவமும் வகுத்தபோது நேர்ந்தவற்றை எழுத்தாளர்கள் பலரும் எழுதி வருகிறார்கள். என் பங்குக்குக் காட்பாடியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் பள்ளியில் விலங்கியல் கற்பிப்பவள்.

சென்ற ஆண்டு எழுதத் தொடங்கிய என் குறுநாவலின் மாந்தர்கள் நண்டைப் போல வெளியோடு உடையவர்கள் என்பதால் அவர்களுக்கு ஓடர் என்று பெயரிட்டேன். இரத்தத்தைப் பற்றி எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. குழம்புக்கு வாங்கிய வயல் நண்டின் காலை ஒடித்து, கசிந்ததை வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டுப் பார்த்தேன். முதலில் தண்ணீர் போல இருந்தது. காற்றுப் பட்டதும் இலேசான நீலம் ஏறி, சற்று நேரத்தில் கூழாக உறைந்தது. நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதில் செம்பு செய்கிறது. ஹீமோசயனின் என்னும் அந்தப் புரதம் அணுக்களுக்குள் அடைபடாமல் திரவத்திலேயே கரைந்திருக்கிறது. ஆகவே ஓடருக்குச் சோகை வந்தால் இரும்புச் சத்து மாத்திரையால் பயனில்லை. சிவப்பொளியையும் அகச்சிவப்புக் கதிரையும் செலுத்தி ஹீமோகுளோபினில் ஏறியுள்ள ஆக்சிஜனைக் கணக்கிடும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டினாலும் அது காட்டும் எண்ணுக்குப் பொருளிராது. இரத்தம் உறுப்புகளுக்கிடையே திறந்த வெளியில் பரவி ஓடுவதால், டிரிப்ஸ் ஏற்றச் சிரையைத் தேடும் தொல்லையும் அவர்களுடைய செவிலியருக்கு இல்லை. அறுவை சிகிச்சைகளை ஓடு கழற்றும் பருவத்துக்கு ஒத்திவைத்தேன். அப்போது உடல் மெத்தென்று இருக்கும், தன் எடையையே தாங்காது. அதனால் அவர்களின் அறுவைக் கூடம் ஓர் ஏரியின் ஆழமில்லாத கரையில் அமைந்தது.

வலியில்தான் தவறினேன். ஓடு தடித்திருப்பதால் வலியே தெரியாது, ஆகையால் அவர்கள் வீரர்கள் என்று ஒரே வரியில் எழுதி முடித்திருந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். தொழுநோயாளிகளின் புண்களுக்குக் கட்டுப்போடும் பணியை நெடுங்காலம் செய்து ஓய்வுபெற்றவர். மே மாத வெயில் தணிந்த ஒரு மாலை, திண்ணையில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். "வலியே இல்லன்னு எழுதிட்டீங்களே டீச்சர், அப்போ அவன் காலைத் தெனம் யாரு பாக்குறது?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை.

பிறகு அவர் விளக்கினார். தொழுநோய் சதையைத் தானாக அழுகி விழச் செய்கிறது என்றுதான் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்திய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு உணர்விழப்பே பெருங்காரணம் என்று எடுத்துக் காட்டினார். சூடான தேநீர்க் குவளையை விடாமல் பிடித்திருப்பதும், ஆணி ஏறிய காலோடு நாள் முழுக்க நடப்பதும்தான் விரலையும் பாதத்தையும் தின்கின்றன. நமக்குக் கொப்புளம் வந்தால் நொண்டுவோம். அந்த நொண்டலே காலுக்கு ஓய்வு. அவர்களுக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. அதனால்தான் மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு, அதனால்தான் ஒவ்வொரு நாளும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம். தம் புறங்கையை என் இரண்டு கால்களிலும் மாறி மாறி வைத்துக் காட்டினார். ஒரு பாதம் மற்றதைவிடச் சுட்டால், மேலே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே புண் கிளம்புகிறது என்று பொருளாம். சொல்லும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். சூட்டை அளக்கும்போது எப்போதும் அப்படித்தான் செய்வேன் என்றார்.

அன்றிரவே நாவலைப் பிரித்துப் போட்டேன். ஓடர் குளிர் இரத்தம் உடையவர்கள். உடல்சூடு சுற்றுப்புறத்தோடு ஏறி இறங்கும்போது புறங்கைச் சோதனை அவர்களிடம் செல்லாது. வேறு அடையாளம் வேண்டும். நண்டு, பூச்சி போன்ற கணுக்காலிகளின் ஓட்டில் காயம்பட்ட இடத்தில் மெலனின் என்னும் கருநிறமி படிந்து கருக்கும் என்பதை வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் ஓடரின் ஓடு, அழகுக்காக நான் கொடுத்த கன்னங்கரிய நிறம்! கரும்புள்ளி அதில் எப்படித் தெரியும்? ஓட்டை வெளிறிய மணல் நிறமாக மாற்றினேன். கடும் வெயில் காயும் அவர்களுடைய நிலத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஓடே பிழைக்கவும் ஏற்றது. உடல் இப்படி மாறியதும் குடும்பமும் மாறியது. இரவு உணவுக்கு முன் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் காலை ஒருவர் பார்ப்பது ஓடர் வீட்டு வழக்கமாயிற்று; கோபத்தில் பேச்சை நிறுத்திய கணவன் மனைவிகூட அதை நிறுத்துவதில்லை. வீரர்கள் என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.

திருத்திய அத்தியாயத்தைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். முழுவதும் கேட்டுவிட்டு, தனியாக வாழும் கிழ ஓடன் என்ன செய்வான் என்று கேட்டார். ஓட்டோடு குனிந்து தன் அடிக்காலைப் பார்க்க அவனால் முடியாது. வீட்டில் ஆளில்லாத நோயாளிகளுக்குக் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததை அவரே நினைவுகூர்ந்தார்.

இப்போது என் நாவலின் முதல் காட்சியில், ஏரிக்கரையில் அலையடங்கிய ஒரு குட்டையின் மேல், கிழ ஓடன் ஒருவன் விளக்கைத் தாழப் பிடித்து ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.