படி ஏறாமல் ஆடிய கேரம்

புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு லிம்ப் கர்டில் வகைத் தசைச்சிதைவு, அதாவது தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் மரபணு நோய். 19 வயதில் பாயிலிருந்து எழ, தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் எழ முடிந்தது. சத்துக்குறைவு என்று இரண்டு வருடம் டானிக்கிலேயே போனது. இரத்தத்தில் சி.பி.கே. (தசை சிதைந்தால் கூடும் ஒரு நொதி) அளவு ஆயிரக்கணக்கில் வந்த பிறகுதான் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

எங்கள் பக்கம் கேரம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 2024-இல் இதே பேட்டையின் காசிமா அமெரிக்காவில் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். மாவட்டப் போட்டியில் ஆட வேண்டும் என்பது எனக்குப் பத்தாவது படிக்கும்போதே வந்த ஆசை. இந்த நோய் முதலில் இடுப்பையும் தோளையும்தான் பிடிக்கும். விரல்களுக்கு வர நாளாகும். ஸ்ட்ரைக்கர் 15 கிராம்தானே, சுண்டிவிடலாம் என்று நம்பினேன்.

ஆனால் கிளப் முதல் மாடியில். 17 படி, கைப்பிடி கிடையாது. ஒருநாள் ஏறி இறங்கினால் மறுநாள் முழுக்கப் படுக்கை. "ஏறி எறங்குனாத்தானே தெம்பு வரும்" என்பார்கள். எங்கள் தசைக்கு அது பொருந்தாது, தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். களைக்கக் களைக்க வேலை வாங்கினால் இன்னும் கெடும்.

போவதை நிறுத்திவிட்டேன். ஒருநாள் கிளப்பின் மூத்த அண்ணன் வீட்டுக்கே வந்தார். "இன்னாப்பா, ஆளையே காணோம்?" படியைச் சொன்னேன். தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தால் எழ முடியாததையும் சொன்னேன். "எவ்ளோ ஒசரம் வேணும்?" என்று கேட்டார். அதுவரை தைரியம் சொன்னவர்கள் நிறைய. உயரம் கேட்டவர் அவர்தான். அடுத்த செவ்வாய் கிளப்புக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு கேரம் போர்டு இறங்கியிருந்தது. நாற்காலிக்கு அடியில் நாலு விரல் உயரத்துக்கு மரப்பலகை.

போன வருடம் போட்டியில் ஆடினேன். நடுவரிடம் பலகையை முன்பே காட்டினேன். எதிரே ஆடிய பையனும் சரி என்றான். முதல் கேம் எனக்கு, இரண்டாவது அவனுக்கு. மூன்றாவதில் தோள் தொங்கிவிட்டது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு ஆடியும் தோற்றேன். அங்கேயே அழுதுவிட்டேன்.

இந்த வருடமும் பெயர் கொடுத்திருக்கிறேன். கேமுக்கும் கேமுக்கும் நடுவே கையை மடியில் போட்டு ஓய்வெடுத்துப் பழகுகிறேன். உட்கார்ந்து செய்யும் வேலையில் தோள் சோர்ந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தையல், ஓவியம் எதுவானாலும் எழுதுங்கள்.